ரிவர்ஸ் கியரைப் பூட்டிய கல்யாணக் கார்

பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்து, தலைக்கு மேல் பேண்டு வாத்தியம் முழங்க, நடுத்தெருவில் காருக்கு அடியில் படுத்து வேலை செய்த மெக்கானிக் சித்தூர், திருப்பதி இரண்டு ஊரிலும் நான் ஒருவன்தான். இன்னொருவன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனுக்கு மாலை போடுகிறேன். மாலை வாங்கும் செலவு எனக்கு வராது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

என் பெயர் முனிரத்தினம். விஜயபுரம் பக்கம் பிறந்தவன். வேர்க்கடலை பிடுங்கப் பயந்து பஸ் ஏறியவன். படிப்பு ஐந்தாவது. ஐந்தாவதில் வாத்தியாரே பாதி நாள் வரவில்லை, அதனால் நாலரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று ரேணிகுண்டா ரோட்டில் சொந்த ஷெட் வைத்திருக்கிறேன். பழைய கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் கல்யாணப் பத்திரிகை வைப்பதற்கு முன்னால் எனக்குப் போன் செய்கிறார்கள். கார் ஓடினால்தானே கல்யாணம்.

இப்போது பழைய காருக்கு வேறு கியர் பாக்ஸ் மாட்டுவது ஒரு மோகமாகிவிட்டது. புதிதாக ஷெட் போட்டவர்கள் என்னிடம் வந்து, "மேஸ்திரி, எந்த பாக்ஸ் பெஸ்ட்?" என்று கேட்கிறார்கள். நல்ல மாப்பிள்ளை எது என்று கேட்பது மாதிரி இருக்கிறது இது. பெண் யார் என்று தெரியாமல் என்ன சொல்வது? சீனிவாசுலுவின் அம்பாசடர் கதையைச் சொல்கிறேன். அதில் எல்லாம் அடங்கிவிடும்.

1. கார் வந்த விதம்

சீனிவாசுலு சித்தூர்க்காரர். நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். பிளாட் போட்டு விற்பது தொழில். எங்கள் ஊரில் அதற்கு வெஞ்சர் என்று பெயர். வெதுருகுப்பம் போகும் வழியில் ஒரு பொட்டலில் கல் நட்டு, பெரிய வளைவு கட்டி, அதற்கு ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயரையும் வைத்தார். அந்த நகரத்தில் இன்றுவரை ஆடுகள் மட்டும்தான் குடியேறியிருக்கின்றன.

அவர் அப்பா வாங்கிய அம்பாசடர் ஒன்று வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பெட்ரோல் இன்ஜின். நாலு கியர். கியர் தண்டு ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும், கை கியர் என்போம். பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

மகளுக்கு வேலூரிலிருந்து போய் பெங்களூரில் குடியேறிய குடும்பத்தில் சம்பந்தம் முடிந்தது. நிச்சயதார்த்தத்தில் சீனிவாசுலு எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை விட்டுவிட்டார்.

"மாப்ள ஊர்வலம் எங்க நைனா கார்லதான். தாலி கட்டினதும் அதே கார்ல பொண்ணு மாப்ளயை பெங்களூருக்கு நானே கொண்ணாந்து வுடறேன்."

மாப்பிள்ளையின் அப்பா தாமோதரன் சிரித்தார். "மொகிலி காட் மலை மேடு ஏறுமா சம்பந்தி? இல்ல, தள்றதுக்கு வர்றவங்களுக்கும் சேர்த்து பத்திரிகை அடிக்கலாமா?"

சபை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் மறுநாள் காரை ஒரு லாரியின் முதுகில் ஏற்றி என் ஷெட்டுக்கு அனுப்பியது. கூடவே சீனிவாசுலுவும் வந்தார், முகம் புளி கரைத்த மாதிரி.

"மேஸ்திரி, மானம் போவுது. இது பெங்களூரு போயே தீரணும்."

நான் கியர் பெட்டியை இறக்கிப் பார்த்தேன். செகண்ட் கியரில் பல் என்று சொல்ல இரண்டோ மூன்றோ மிச்சம். என் மாமனாரின் வாய் மாதிரி இருந்தது.

"இதையே ரெடி பண்ணலாம் அண்ணா. ஆனா ஹைவேல நாலாவது கியர்ல இன்ஜின் கத்திக்கினே போவும். சம்பந்தி வூடு போறவரைக்கும் நீங்களும் அதோட கத்திக்கினே பேசணும்."

"வத்து வத்து, அது வேணாம். அஞ்சு கியரு போடு. சம்பந்தி எண்ணிப் பாக்கணும்."

2. பெட்டி பார்க்க வந்தவர்கள்

ஷெட்டில் கோணி விரித்து மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தேன். முதலாவது, பிற்கால அம்பாசடரில் வந்த ஐந்து கியர் பெட்டி. இரண்டாவது, அடிபட்ட ஒரு வெளிநாட்டுக் காரில் கழற்றியது. மூன்றாவது, தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு டீசல் லோடு வேனில் இருந்தது.

சீனிவாசுலு தனியாக வரவில்லை. மச்சான், சித்தப்பா, வாஸ்து பார்ப்பவர் என்று பெண் பார்க்க வருகிற மாதிரி வந்து இறங்கினார்கள். டீ, பிஸ்கட் கொடுத்தேன். ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றி வந்து பார்த்தார்கள். மச்சான் இரண்டாவதைத் தட்டிப் பார்த்து, "இது நல்ல கலரு" என்றார். வாஸ்துக்காரர் கியர் தண்டு தென்மேற்கு பார்க்கக்கூடாது என்றார்.

"சாமி, கார் திரும்பினா திக்கும் கூடத் திரும்புமே, இன்னா பண்றது?" என்றேன்.

அவர் டீயை ஊதிக் குடித்தார்.

நான் சீனிவாசுலுவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணா, ஊர்வலத்துல கார் எவ்ளோ மெதுவா போவணும்?"

"இன்னா கேள்வி இது? மெதுவாதான் போவும்."

"மெதுவான்னா எவ்ளோ மெதுவா?"

யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஏனென்றால் அதற்கு முந்தின முகூர்த்த நாளில் யாரோ ஒருவரின் கல்யாண ஊர்வலத்தின் பின்னால் நான் நடந்துபோய்ப் பார்த்திருந்தேன். கியர் பாக்ஸ் தேர்வு செய்ய ஊர்வலத்தில் நடந்த மெக்கானிக்கை நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அந்த ஊர்வலத்தில் காருக்கு முன்னால் பேண்டு. பேண்டுக்கும் காருக்கும் நடுவில் மாப்பிள்ளையின் மாமன் ஒருவர் கைக்குட்டையை வாயில் கடித்துக்கொண்டு பாம்பு டான்ஸ் ஆடினார். பாம்பு படுத்தால் கார் நிற்க வேண்டும். பாம்பு நெளிந்தால் கார் நகர வேண்டும். டிரைவர் பாவம், கிளட்சைப் பாதி மிதித்து, பாதி விட்டு, கால் நடுங்கிக்கொண்டிருந்தார். மண்டபம் போய்ச் சேருவதற்குள் மல்லிகைப்பூ வாசனையை மீறிக்கொண்டு கிளட்ச் பிளேட் கருகிய வாசனை வந்தது. மணப்பெண்ணின் அத்தை, "யாரு அடுப்புல இன்னாத்தையோ தீயவுட்டது?" என்று கேட்டாள்.

அப்போதே எனக்குப் பெட்டி எது என்று முடிவாகிவிட்டது.

"மூணாவதுதான். லோடு வேன் பாக்ஸ். இதோட ஃபர்ஸ்ட் கியர் மலை மேல மூட்டை ஏத்தறதுக்கு வெச்சது. ஆக்சிலேட்டர்ல கால் வைக்காம வுட்டா, கோயில்ல அடிப்பிரதட்சிணம் சுத்தற மாதிரி நகரும். கிளட்சைத் தொடவே வாணாம். அஞ்சாவது கியர் ஹைவேக்கு. ஊர்வலமும் ஆச்சு, பெங்களூரும் ஆச்சு."

சீனிவாசுலு முகம் கறுத்தது. "லோடு வண்டி பாக்ஸா? எங்க நைனா கார்லயா? தக்காளி ஏத்தின வண்டி மேஸ்திரி அது!"

"தக்காளியை மதனப்பள்ளி சந்தைல இருந்து நசுங்காம கொண்ணாந்த பாக்ஸுண்ணா. உங்க மாப்ள அதுக்கு மேலயா?"

மச்சான் சிரித்துவிட்டார். சிரித்ததால் அவர் அன்றிலிருந்து என் கட்சி. கடைசியில் சீனிவாசுலு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: அது எந்த வண்டியில் இருந்தது என்று யாருக்கும் சொல்லக்கூடாது. நான் பெட்டிக்கு வெள்ளி நிற பெயின்ட் அடித்தேன். அவர் மாலையே சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டோவைப் போட்டு, ஜப்பான் மாடல் என்று எழுதினார். அறுபது பேர் கைகூப்பினார்கள்.

3. மாட்டிய விதம்

இந்த இடம் தொழில் செய்கிறவர்களுக்கு. மற்றவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இன்ஜின் ஒரு கம்பெனி, பெட்டி ஒரு கம்பெனி. இரண்டின் போல்ட் துளைகளும் ஒன்றையொன்று பார்க்காது. நடுவில் அடாப்டர் பிளேட் போட வேண்டும். சித்தூரில் எனக்குத் தெரிந்த லேத்தில் உட்கார்ந்து கடைந்து வாங்கினேன். இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். துளை சரியாக விழுந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. கிராங்கின் சென்டரும் பெட்டியின் உள் ஷாஃப்டின் சென்டரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்காமல் மாட்டினால் பேரிங் பாட்டுப் பாடும், பிறகு ஒப்பாரி வைக்கும்.

உள் ஷாஃப்டின் முனை கிராங்கில் உட்காரும் இடத்துக்கு கன்மெட்டலில் புஷ் கடைந்தேன். கிளட்ச் பிளேட்டுக்கு வெளிவட்டம் பழைய அளவு, நடுவில் இருக்கும் பல் புதுப் பெட்டியின் அளவு. இரண்டையும் சேர்த்து ரிவெட் அடித்தேன். பெட்டி நீளமாக இருந்ததால் பின் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் புரோப்பல்லர் ஷாஃப்டைக் குறைத்து பேலன்ஸ் செய்தேன். பெட்டியைத் தாங்கும் கிராஸ் மெம்பரைப் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்தேன். காரின் தரையை வெட்டி கியர் தண்டைக் கொண்டுவந்தால், முன் சீட்டு ஒரே நீள சோபா, தண்டு அதில் இடித்தது. தண்டைச் சூடாக்கி, அன்னத்தின் கழுத்து மாதிரி வளைத்தேன். அழகுக்கே வளைத்தேன் என்று சீனிவாசுலு நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

ஸ்பீடோமீட்டர் முள் உண்மையைவிட அதிகம் காட்டியது. "சரி பண்ணிடறேன்" என்றேன்.

"வாணாம் மேஸ்திரி, இருக்கட்டும். சம்பந்தி பக்கத்துல உக்காருவாரு, பாக்கட்டும்."

ஸ்டீயரிங்கில் இருந்த பழைய கை கியர் தண்டுக்கு இனி வேலையில்லை. கழற்றப் போனேன். சீனிவாசுலு கையைப் பிடித்துக்கொண்டார். "நைனா கை பட்ட தண்டு. அது அப்படியே இருக்கணும்." விட்டுவிட்டேன். எதனோடும் சேராமல் அது சும்மா ஆடிக்கொண்டிருந்தது. கட்சியில் கௌரவத் தலைவர் என்று ஒரு பதவி உண்டே, அது மாதிரி.

இன்னொரு விஷயம். இந்த லோடு வேன் பெட்டியில் கியர் இருக்கும் இடம் வேறு. எல்லாக் காரிலும் ஃபர்ஸ்ட் எங்கே இருக்கும்? இடது பக்கம், மேலே. இதில் அந்த இடத்தில் ரிவர்ஸ். ஃபர்ஸ்ட் அதற்குக் கீழே. ஃபர்ஸ்ட் கியரை மூட்டை ஏற்ற மட்டும் போடுவதால் அதை ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். இதைக் காரின் டிரைவர் கன்னியப்பனிடம் சொன்னேன். சீனிவாசுலுவின் அப்பா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஓட்டுகிற ஆள்.

"தெரியும் மேஸ்திரி" என்றான். எதைச் சொன்னாலும் அவன் சொல்லும் பதில் அதுதான்.

4. சந்திரகிரியில் சாய்ந்த நாற்காலிகள்

டிரையல் பார்க்க சந்திரகிரிக் கோட்டைப் பக்கம் போனோம். நான் ஓட்டியவரை கார் வெண்ணெய். ஐந்தாவது கியரில் இன்ஜின் முணுமுணுத்தது, அவ்வளவுதான். வளைவில் திருப்பி நிறுத்தி, கன்னியப்பனை உட்கார வைத்தேன். சீனிவாசுலு பின்னால், கல்யாண மாப்பிள்ளை உட்காரப் போகும் இடத்தில் உட்கார்ந்தார்.

கன்னியப்பனின் கை முதலில் கௌரவத் தலைவரிடம் போனது. ஆட்டிப் பார்த்தான். பிறகு ஞாபகம் வந்து கீழே இருக்கும் தண்டைப் பிடித்து, இடது, மேலே என்று ஒரு குத்து. அம்பாசடர் பழகிய கை, மென்மை தெரியாது. பெட்டியில் ரிவர்ஸைத் தடுக்கும் ஸ்பிரிங் பழசு. அது வழிவிட்டது. கார் கம்பீரமாகப் பின்னால் போய், ஒரு ஜூஸ் கடையின் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கோடு சாய்த்தது. உட்கார்ந்திருந்தவர்கள் நல்லவேளை செல்ஃபி எடுக்க எழுந்து போயிருந்தார்கள்.

"இன்னாயா பண்ணே?" என்று கத்தினேன்.

"ஃபர்ஸ்ட்தான் போட்டேன் மேஸ்திரி. வண்டிதான் தப்பா புரிஞ்சிக்கிச்சி."

சீனிவாசுலு இறங்கினார். நாற்காலியைப் பார்க்கவில்லை. காரையும் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார். "எங்க தம்பி கல்யாணத்துலயும் மாப்ள ஏறின வண்டி பின்னாடிதான் போச்சு. ஆறு மாசத்துல பொண்டாட்டி கோவிச்சிகினு புத்தூருக்குப் போய்ட்டா. இன்னிக்கும் வரல."

"அண்ணா, உங்க தம்பியை எனக்குத் தெரியும். அது கியரால இல்ல."

"கிண்டல் வாணாம். மாப்ள உக்காந்த வண்டி ஒரு அடி கூடப் பின்வாங்கக் கூடாது. ரிவர்ஸையே மூடிடு."

"ஸ்பிரிங் புதுசு போட்டா போதும்."

"ஸ்பிரிங்கை நம்பலாம். கன்னியப்பனை நம்ப முடியுமா?"

புது ஸ்பிரிங்கையும் போட்டேன். பெட்டியின் ஓரத்தில் ஒரு துளை போட்டு, மரை வெட்டி, ரிவர்ஸைப் போடும் செலக்டர் நகர முடியாதபடி ஒரு போல்ட்டையும் இறுக்கினேன். என் சொந்தக் கண்டுபிடிப்பு. காருக்கு அடியில் படுத்தால் ஒரு ஸ்பானரில் கழற்றிவிடலாம். எதையும் மூடும்போது திறக்கும் வழியையும் வைத்து மூடுகிறவன்தான் மேஸ்திரி. கல்யாணத்தன்று இடுப்பில் அந்த ஸ்பானரைச் செருகிக்கொண்டுதான் போனேன். என் சம்சாரம், "கல்யாணத்துக்குப் போறியா, ஷெட்டுக்குப் போறியா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் என்றேன்.

5. இரண்டு பேண்டு, ஒரு தெரு

கல்யாணம் திருப்பதியில். காலை முகூர்த்தம். மாப்பிள்ளையை லாட்ஜிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துவர வேண்டும்.

கார் என்ன நடை நடந்தது தெரியுமா! ஃபர்ஸ்ட் கியரில் போட்டு கன்னியப்பன் இரண்டு காலையும் மடக்கி வைத்துக்கொண்டான். கார் பேண்டுக்குப் பின்னால் தானாக நகர்ந்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த சம்பந்தி தாமோதரன் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நடந்து வந்த சீனிவாசுலுவைக் கேட்டார்.

"இன்னா சம்பந்தி, கிளட்ச் வாசனையே வரல?"

"ஜப்பான் மாடல்" என்றார் சீனிவாசுலு. நிச்சயதார்த்தத்தில் குனிந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

மண்டபத்துக்குத் திரும்பும் தெரு குறுகலானது. ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் வரிசையாக பைக்குகள். பாதித் தெரு போயிருப்போம், எதிரே இன்னொரு பேண்டு சத்தம். இன்னொரு கல்யாணம், இன்னொரு மாப்பிள்ளை. அவர் மேல் கூரையில்லாத வாடகைக் காரில், முதுகுக்குப் பின்னால் தெர்மாகோல் மயிலோடு உட்கார்ந்திருந்தார். பூக்கடை முன்னால் இரண்டு காரும் மூக்கோடு மூக்கு நின்றன. இரண்டு பேண்டும் வேறு வேறு பாட்டை இன்னும் உரக்க வாசித்தன.

அவர்களுக்குப் பின்னால் அவர்கள் கூட்டம், அதற்கும் பின்னால் தண்ணீர் லாரி, பள்ளிக்கூட பஸ். அவர்கள் நகர வழியே இல்லை. எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு சந்து இருந்தது. நாங்கள் பின்வாங்கி அதில் ஒதுங்கினால் எல்லோரும் போகலாம். குழந்தைக்கும் தெரியும் இது.

"பின்னாடி எடுங்கப்பா!" என்றாள் எதிர்க் கல்யாணத்து அம்மா ஒருத்தி. "எங்க வண்டி பின்னாடி போவாது. எங்க புள்ளைக்கு ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் தட்டிப்போச்சு."

"எங்க வண்டியும் போவாது!" என்று சீனிவாசுலு நெஞ்சை நிமிர்த்தினார். "அதுல ரிவர்ஸே கெடையாது!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ரிவர்ஸ் இல்லாத காரா? எந்த ஊரு சாமான் அது?"

தாமோதரன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "ரிவர்ஸ் இல்லியா சம்பந்தி? அப்ப பெங்களூர்ல எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னீங்கன்னா, திரும்பறதுக்கு ஓசூரு வரைக்கும் போவீங்களா?"

நிச்சயதார்த்தச் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது, இந்த முறை இரண்டு கல்யாணக் கூட்டமும் சேர்ந்து. சீனிவாசுலுவின் போன் அடித்தது. மண்டபத்திலிருந்து புரோகிதர். "முகூர்த்தம் போய்க்கினு கீது, மாப்ள எங்கய்யா?" பின்னாலேயே மகள். என்ன சொன்னாளோ தெரியாது, அவர் கண் கலங்கியது. பேத்துமாத்துப் பேசி நிலம் விற்கிற மனிதர். ஆனால் அந்த நேரத்தில் அவர் ஒரு பெண்ணின் அப்பா மட்டும்தான்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை, "அப்பா, நான் எறங்கி நடந்தே போயிடறேனே" என்றான்.

"வாய மூடு. கல்யாணத்துக்கு நடந்து வந்தான்னு ஊரு பேசறதுக்கா இவ்ளோ பண்றோம்?" என்றார் தாமோதரன்.

"எந்த மேஸ்திரி அது, ரிவர்ஸைப் பூட்டினது?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சித்தூர், திருப்பதி இரண்டு ஊரிலும் நான் சேர்த்து வைத்த பெயர் அந்தப் பூக்கடை வாசலில் வாடிப்போகப் பார்த்தது.

நான் பதறவில்லை. கியர் பாக்ஸைத் திறந்து பார்க்கிற மாதிரி பிரச்சினையைத் திறந்து பார்த்தேன். கார் போக முடியும். போல்ட்டைக் கழற்றினால் போதும். முடியாதது மனிதர்களுக்குத்தான். அவர்களுக்கு வேறு ஸ்பானர் வேண்டும். எங்கள் பேண்டு மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"யோவ், ஊர்வலத்துல நீ எங்க நிப்பே?"

"முன்னாடி மேஸ்திரி."

"எப்பவுமா?"

"எப்பவும். பேண்டு பின்னாடி வந்து எங்கியாச்சும் பாத்துகீறியா?"

"அப்ப உன் ஆளுங்களை இட்டுகினு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நில்லு." காரின் பின்பக்கத்தைக் கை காட்டிவிட்டு, நான் எல்லோரையும் பார்த்துச் சொன்னேன்: "பேண்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தானே முன்னாடி? பேண்டு போற பக்கம் வண்டி போவுது. இதுல பின்னாடி போறது எங்க வந்துச்சு?"

கூட்டம் யோசித்தது. இத்தனை பேர் ஒரே நேரத்தில் யோசித்து நான் பார்த்ததில்லை. தாமோதரனின் அக்கா, மாப்பிள்ளைக்கு அத்தை, கூட்டத்திலேயே வயதானவர், நடுவர் மாதிரி கையை உயர்த்தினார்.

"சரிதான். ஆனா மாப்ள மூஞ்சி வாத்தியத்தைப் பாத்துகினு இருக்கணும்."

தீர்ப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பின் சீட்டில் மண்டி போட வைத்துத் திருப்பினார்கள். மாலை கசங்க, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பின் கண்ணாடி வழியாக அவன் பேண்டைப் பார்த்தான். இன்ஜினியர் பிள்ளை. ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல குடும்பஸ்தனாக வருவான் என்று அப்போதே தெரிந்தது.

நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, காருக்கு அடியில் படுத்தேன். சைலன்சர் பைப் முழங்கையைச் சுட்டது. யாரோ காரின் மேல் இறைத்த பூ என் வாயில் விழுந்தது. ஸ்பானரை வைத்து ஒரு இழுப்பு. போல்ட் கையோடு வந்தது. எண்ணெய் ஒழுகாமல் துளையை ஒரு துணியால் அடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"போடுய்யா ரிவர்ஸு!"

கன்னியப்பன் கை கௌரவத் தலைவரிடம் போனது.

"அது இல்லியா! கீழ!"

"மேஸ்திரி, எந்தப் பக்கம்?"

"சந்திரகிரில போட்டியே, அதே எடம்!"

"ஆங், ஃபர்ஸ்ட்டா!" என்று போட்டான். சரியாக விழுந்தது.

கார் நகர்ந்தது. லோடு வேன் பெட்டியில் ரிவர்ஸும் ஃபர்ஸ்ட் மாதிரியே அடிப்பிரதட்சிணம். மூட்டையோடு சந்தைக்குள் ஒதுங்குவதற்கென்று வைத்தது. கிளட்சைத் தொடாமல், இன்ஜின் இருமாமல், பேண்டுக்குப் பின்னால், அதாவது முன்னால், அதாவது அந்தப் பக்கமாக, கார் ராஜநடை போட்டது. முதலாவது பெட்டியையோ இரண்டாவது பெட்டியையோ மாட்டியிருந்தால் அந்த இடத்தில் ஒரு துள்ளு துள்ளி டிரம் அடிக்கிறவன் காலில் ஏறியிருக்கும். பாம்பு டான்ஸ்காரர்கள் கூடத் திரும்பி நின்று ஆடினார்கள்.

சந்தில் ஒதுங்கினோம். தெர்மாகோல் மயில் எங்களைக் கடந்து போனது. இரண்டு மாப்பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்து, ஒரே சிறையில் இருப்பவர்கள் மாதிரி கையசைத்துக்கொண்டார்கள். பிறகு பேண்டு சுற்றி வந்தது, மாப்பிள்ளை சுற்றி உட்கார்ந்தான், கார் மண்டபம் சேர்ந்தது. புரோகிதர் மிச்ச மந்திரத்தை ஐந்தாவது கியரில் சொன்னார். முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறியது. சீனிவாசுலு என் கையைப் பிடித்துக்கொண்டார். என் பட்டு வேட்டியில் இருந்த கிரீஸ் அவர் பட்டு வேட்டியிலும் ஒட்டியது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

6. இதில் கற்க வேண்டியது

பெண்ணும் மாப்பிள்ளையும் அம்பாசடரில் பெங்களூர் போகவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம். ரேணிகுண்டாவிலிருந்து விமானத்தில் பறந்துவிட்டார்கள். இத்தனை பேர் கூடி, வாஸ்து பார்த்து, எண்ணிப் பார்த்து வாங்கிய அந்த ஐந்தாவது கியரை இன்றுவரை போட்டவன் டிரையல் பார்த்த நான் ஒருவன்தான்.

ஆகவே பழைய காருக்குப் பெட்டி தேடுகிறவர்களே, கேளுங்கள். கஸ்டமர் டாப் கியரைப் பற்றித்தான் பேசுவார், ஏனென்றால் அதைத்தான் நாலு பேரிடம் சொல்ல முடியும். நீங்கள் அவரிடம், இந்த வண்டி எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும், எந்தச் சந்தில் ஒதுங்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்லாவிட்டால் அவர் வீட்டு ஊர்வலத்தின் பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். பெட்டி தானாகத் தெரியும்.

தாமோதரன் இப்போது தன் அண்ணனின் பழைய காரை என்னிடம் அனுப்பியிருக்கிறார். "அஞ்சு கியரா, ஆறு கியரா உங்க இஷ்டம் மேஸ்திரி. ரிவர்ஸு மட்டும் எங்க சம்பந்தி வண்டி மாதிரி மரியாதையா போவணும்" என்று போனில் சொன்னார். விவரமான ஆள்.

சீனிவாசுலு மட்டும் மாறவில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்த பிறகு எங்கள் கார் ஒரு அடி கூடப் பின்னால் போகவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். போன வாரம் ஷெட்டுக்கு வந்தார்.

"மேஸ்திரி, சின்னப் பொண்ணுக்கும் பாத்துகினு கீறோம். அந்த போல்ட்டைத் திருப்பிப் போட்டுடு."

அந்த போல்ட் என் ஷெட்டில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. வெள்ளிக்கிழமை குங்குமம் கூட வைக்கிறேன். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறேன். மாட்டித் தருவதில்லை.